பழுகாமக் களரியும் உப்போடைப் பள்ளியும்: மட்டக்களப்பில் ஒழுக்கக் கல்வியின் இரு மரபுகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையினை அப்பிரதேச மக்கள் படுவான்கரை என்பர். ஞாயிறு படும் கரை அது. கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனப்படும். எழுவான்கரையிற் களுவாஞ்சிகுடியை அடைந்து, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து மேற்கே செல்வோர் போரதீவுப்பற்றினுட் புகுவர். வயலும் குளமும் வாவியின் கிளைகளும் சூழ்ந்த அப்பற்றின் பழைமை வாய்ந்த ஊர்களுள் ஒன்று பழுகாமம். திருப்பழுகாமம் என அடைகொடுத்து வழங்குதலும் உண்டு. திரௌபதையம்மன் ஆலயமும் அங்கு நிகழும் தீமிதிப்பும் இவ்வூரின் பெயரை வாவியின் இரு கரைகளிலும் பரப்பியுள்ளன. கண்டுமணி மகா வித்தியாலயம் இன்று ஊரின் முதன்மையான பாடசாலையாக விளங்குகின்றது.

இத்தகைய ஊரொன்றின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பாடசாலை நிறுவப்பட்ட ஆண்டிலிருந்து தொடங்குவதே வழக்கம். முதற் கட்டடம், முதல் அதிபர், முதற் பரீட்சைச் சித்தி என அவ்வரலாறு செல்லும். எழுத்தறிவின் வரலாற்றுக்கு இம்முறை பொருந்தும். ஆயின் கல்வி என்பது நல்லொழுக்கத்தை ஆக்கும் முயற்சி எனக் கொள்ளின், பாடசாலைக்கு முன்னரும் அதற்குப் புறம்பாகவும் பழுகாமம் போன்ற ஊர்களில் நிகழ்ந்தவற்றை நோக்காது மேற்செல்லுதல் இயலாது. மட்டக்களப்பில் ஒழுக்கக் கல்வி இரு வழிகளில் நடைபெற்றது. ஒன்று கோயில் முன்றிலிலும் கூத்துக் களரியிலும் நடந்தது. மற்றையது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சுவாமி விபுலாநந்தரும் அவரைச் சார்ந்தோரும் வகுத்த பள்ளிக் கல்வி. இவ்விரண்டும் எங்குச் சந்தித்தன, எங்குச் சந்திக்காமற் போயின என்பது ஆராயத்தக்கது.

பழைய திண்ணைப் பள்ளியைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. தமிழ் வழங்கிய பிற இடங்களிற்போலவே இங்கும் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகி, ஏட்டுக்கு ஏறி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வாக்குண்டாம் முதலிய நீதி நூல்களை மனனம் செய்தனர். பொருள் விளங்குமுன்னரே சொல் மனத்திற் பதிந்தது. இம்முறையினை இக்காலக் கல்வியியலாளர் இகழ்வதுண்டு. அவ்விகழ்ச்சியில் ஓரளவு நியாயமும் உளது. ஏவற்றொடர்களால் அமைந்த நீதி, கீழ்ப்படிதலைக் கற்பிக்குமேயன்றி இரு கடமைகள் முரணும்போது எதனைத் தெரிவது எனக் கற்பிக்காது. மெய் சொல் என்பதும் நன்றி மறவாதே என்பதும் தனித்தனியே எளியன. நன்றி காப்பதற்கு அறத்தையே கைவிடவேண்டி வரின் யாது செய்வது என்னும் வினாவுக்குத் திண்ணைப் பள்ளியில் விடையில்லை. அவ்வினா அங்கு எழுந்ததுமில்லை.

அவ்வினா எழுந்த இடம் கூத்துக் களரியாகும். வடமோடி, தென்மோடி என இரு வகைப்படும் மட்டக்களப்புக் கூத்துக்களுள் வடமோடிக் கூத்துக்கள் பெரும்பாலும் பாரத இராமாயணக் கதைகளையே பொருளாகக் கொண்டவை. ஊரார் கூடிக் கூத்தொன்றைப் பழக முடிவு செய்ததும் அண்ணாவியார் அழைக்கப்படுவார். ஆளின் தோற்றம், குரல், இயல்பு ஆகியவற்றை நோக்கி அவர் பாத்திரங்களை வகுத்துச் சட்டம் கொடுப்பார். அதன்பின் மாதக்கணக்கில் இரவுதோறும் பயிற்சி நடைபெறும். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என ஒவ்வொரு படியும் சடங்காகவே நிகழும். ஈற்றில் வட்டக் களரியில் விடியும்வரை கூத்து நடைபெறும். பகலெல்லாம் வயலில் உழைத்த இளைஞன் இரவில் ஆட்டத்தையும் தாளத்தையும் நீண்ட பாடல்களையும் பிழையறக் கற்றான். பிந்தி வந்தால் அண்ணாவியாரின் சினத்துக்கு ஆளானான். தன் பாத்திரம் சிறிதாயினும் முழுக் கூத்தும் தன்னாற் குலையக்கூடும் என்பதை உணர்ந்தான். கூட்டுழைப்பு, பொறுமை, தன்னடக்கம் எனப் பாடத்திட்டங்கள் இன்று எழுதிவைக்கும் பண்புகளை ஒருவரும் பெயரிட்டுச் சொல்லாமலே அங்குப் பழக்கினர்.

இதனினும் முக்கியமானது கூத்தின் பொருளாகும். கன்னன் தன் பிறப்பை அறிந்த பின்னரும் துரியோதனனைப் பிரியாது நிற்கின்றான். அவன் செய்தது சரியா? செய்ந்நன்றி காத்தான் என்போரும், அறமல்லாதார் பக்கம் நின்றான் என்போரும் ஒரே களரியைச் சுற்றி அமர்ந்திருப்பர். அறத்தின் திருவுருவமான தருமனே சூதில் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் தோற்கின்றான். தன்னையே தோற்றவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை ஏது எனத் திரௌபதி அவையில் எழுப்பும் வினாவுக்கு வீடுமன் முதலிய பெரியோர் தெளிந்த விடை கூறாது தடுமாறுகின்றனர். கற்றோரும் மூத்தோரும் நிறைந்த அவை தன் கண்முன் நிகழும் அநீதியைத் தடுக்காது இருத்தல் கூடும் என்பது சிறு பிள்ளையின் உள்ளத்திற் பதியும் கடுமையான பாடம். பழுகாமத்தார் இவ்வினாவை எழுப்பியவளையே தெய்வமாகக் கொண்டு கோயிலெடுத்துள்ளனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. திரௌபதை வழிபாடு நிலவும் இப்பிரதேச ஊர்களிற் பாரதக் கதை ஏட்டிலிருந்து படிக்கப்படுவதோடு நில்லாது, வனவாசம், அருச்சுனன் தவநிலை முதலிய சடங்குகளாக நடித்துக் காட்டப்பெற்றுத் தீமிதிப்பில் நிறைவெய்தும். ஆண்டுதோறும் ஊரார் அனைவரும் அக்கதையினுள் வாழ்ந்து மீள்கின்றனர்.

கண்ணகி வழிபாட்டையும் இத்தொடர்பிற் சேர்த்து நோக்கலாம். வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் கண்ணகி வழக்குரை, ஆராயாது தீர்ப்பளித்த அரசனை எதிர்த்து ஒரு பெண் நீதி கேட்ட வரலாறேயாகும். மட்டக்களப்பு மக்கள் பெரிதும் போற்றும் இரு பெண் தெய்வங்களும் அரசவையில் நின்று வினாவெழுப்பியவர்கள் என்பது தற்செயலாயினும் ஆகுக. அதன் பயனோ சிறிதன்று.

எனினும் இம்மரபினைக் குறையற்றதாகப் போற்றுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. மட்டக்களப்பின் சமூக அமைப்பு தாய்வழிக் குடி முறையினை அடிப்படையாகக் கொண்டது. கோயிலின் உரிமைகளும் கடமைகளும் சாதிக்கும் குடிக்கும் ஏற்ப வகுக்கப்பட்டிருந்தன. வண்ணக்கர் எக்குடியினர், எந்நாட் பூசை எவருடையது, எவர் எவ்வரிசையில் மரியாதை பெறுவர் என்பனவெல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தன. தேசத்துக் கோயில்களிற் குடுக்கைகூறல் என்னும் வழக்கத்தின் மூலம் அவ்வரிசை உரத்துக் கூறப்பட்டதும் உண்டு. ஆகவே, கோயில் கற்பித்த ஒழுக்கத்தில் ஒவ்வொருவனும் தன் இடத்தை அறிந்து நிற்றலும் ஒரு பகுதியாயிற்று. கன்னனுடைய பிறப்பை வைத்து அவனை இகழ்ந்தோரைக் களரியிற் கண்டு கண்ணீர் விட்டவர்கள், கோயில் வாயிலில் அதே அளவுகோலைத் தாமும் கையாண்டனர். இம்முரண்பாட்டைக் களரி சுட்டிக்காட்டியதே தவிரத் தீர்த்துவைக்கவில்லை.

புதிய பள்ளிக் கல்வி வாவிக்கரைக்கு வந்தது கிறித்தவ மிஷனரிமாரோடாகும். 1814ஆம் ஆண்டு வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பை அடைந்து பள்ளிகளைத் தொடங்கினார். மறு ஆண்டே அவர் காலமாயினும் அவர் தொடக்கிவைத்த பணி நின்றுவிடவில்லை. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. பின்னர் அது இயேசு சபைத் துறவியரின் பொறுப்பில் வளர்ந்தது. இப்பள்ளிகளின் ஒழுக்கக் கல்வி வேதபாடத்தோடு பிணைந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாலபாடங்களையும் எழுதி, மிஷனரிமாரின் முறையினைக் கொண்டே சைவக் கல்விக்கு வழி வகுத்தார். கிழக்கிலோ அத்தகைய முயற்சி வலுப்பெற மேலும் முக்கால் நூற்றாண்டு சென்றது. படுவான்கரை ஊர்கள் இவ்விரண்டுக்கும் தொலைவிலேயே இருந்தன. வாவியை ஓடத்தாற் கடக்க வேண்டியிருந்த காலத்தில் ஆங்கிலக் கல்வி அக்கரையின் பொருளாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

மயில்வாகனன் எனும் இயற்பெயர் கொண்ட விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டு பங்குனி மாதம் காரைதீவிற் பிறந்தார். அவருடைய கல்வி வரலாறே இரு மரபுகளின் சந்திப்பாகும். ஊரிலே தமிழும் நீதி நூல்களும் கற்றவர், கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பிற் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் சிரேஷ்ட பரீட்சையிற் சித்தியெய்தினார். 1916ஆம் ஆண்டு கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்புளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும் ஒருங்கே அவருக்குக் கிடைத்தன. யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் அமர்ந்தார். உலகியல் நோக்கில் அதற்கு மேல் ஏறவேண்டிய படிகள் பல இருந்தன. அவரோ 1922இற் பதவியைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924இற் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார்.

துறவியரிடம் கற்ற மாணாக்கன் தானும் துறவியாகிப் பள்ளி நடத்த வந்தமை வியப்பன்று. இயேசு சபையாரின் கல்லூரியிற் பாடப்புத்தகத்தினும் ஆசிரியரின் வாழ்க்கையே வலிய பாடம் என்பதை இளமையிலேயே அவர் கண்டிருக்கக்கூடும். அதற்குத் தத்துவ வடிவம் கொடுத்தது விவேகானந்தரின் கல்விக் கொள்கை. 1897ஆம் ஆண்டு தை மாதத்தில் மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் முதலிற் கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். அதே ஆண்டு இராமகிருஷ்ண மிஷன் தோற்றம் பெற்றது. மனிதனுள் ஏற்கெனவே உறையும் நிறைவை வெளிப்படுத்துதலே கல்வி என்பது அக்கொள்கையின் அடிநாதம். திண்ணைப் பள்ளியின் நீதியும் மிஷன் பள்ளியின் வேதபாடமும் ஒரு வகையில் ஒத்தவை. இரண்டும் பிள்ளையைக் குறையுடையவனாகக் கொண்டு வெளியிலிருந்து நன்மையை ஊட்ட முயல்வன. விவேகானந்தர் கொள்கையோ பிள்ளையின்மீது நம்பிக்கை வைத்துத் தொடங்குவது. அந்நம்பிக்கையை ஏற்பின், பிறப்பால் ஒருவன் கல்விக்குத் தகுதியற்றவன் எனக் கூற இடமே இல்லாது போகின்றது. குடிமுறையின் அளவுகோலைக் களரியால் அசைக்க முடியாதிருந்த இடத்தில் இக்கொள்கை ஒரு நெம்புகோலாயிற்று.

1925இல் இலங்கை திரும்பிய விபுலாநந்தர் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் முகாமையாளராகப் பொறுப்பேற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரி, யாழ்ப்பாணம் வைத்தீசுவர வித்தியாலயம், காரைதீவுச் சாரதா வித்தியாலயம் என மிஷன் பாடசாலைகள் பெருகின. அவற்றுள் அவர் உள்ளம் பெரிதும் தோய்ந்தது கல்லடி உப்போடையில் 1929ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிவானந்த வித்தியாலயத்திலேயாம். தமக்குத் துறவளித்தவரின் பெயரையே அதற்கு இட்டார். அதன் அயலில் மாணவர் இல்லம் அமைந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளும் தூரத்து ஊர்களின் வறிய பிள்ளைகளும் அங்குத் தங்கினர். வைகறையில் எழுதல், கூட்டு வழிபாடு, தம் வேலையைத் தாமே செய்தல், பேதமின்றி ஒரே பந்தியில் உண்ணல் என்பன மிஷன் இல்லங்களுக்குப் பொதுவான நடைமுறைகள். இக்காலத்தார்க்கு இவை சிறியனவாகத் தோன்றலாம். சாதிக்கேற்பப் பந்தியும் பாத்திரமும் வேறுபட்டிருந்த காலத்தில் ஒரே பந்தி என்பது நூறு நீதிப் பாடல்களுக்கு நிகராகும். சுவாமி நடராஜானந்தர் போன்றோர் ஆண்டுக்கணக்கில் அப்பிள்ளைகளோடு வாழ்ந்து அவ்வில்லத்தைப் பேணினர்.

விபுலாநந்தரின் கல்விக் கொள்கையை வெறும் சமயக் கல்வியாகச் சுருக்கிக் கூறுவோர் அவர் விஞ்ஞான ஆசிரியர் என்பதை மறந்துவிடுகின்றனர். 1936ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்கவேண்டும் என்னும் அவர் நிலைப்பாட்டில் ஓர் ஒழுக்க நோக்கும் அடங்கியுள்ளது. விளங்காத மொழியில் விளங்காத பொருளை ஒப்புவிப்பவன் தான் அறியாததை அறிந்ததாகக் காட்டப் பழகுகின்றான். அறிவில் நேர்மையில்லாதவனிடம் வேறு நேர்மையை எதிர்பார்த்தல் அரிது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தில், அயலிலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். பேராசிரியர் ஒருவர் மாலையில் அரிச்சுவடி கற்பிக்கப் போதல் அக்காலத்தில் எளிதாகப் பொறுத்துக்கொள்ளப்படும் செயலன்று.

இனி, இரு மரபுகளும் சந்திக்காமற் போன இடத்தையும் கூறுதல் வேண்டும். நாடகம் ஒழுக்கத்தை ஆக்கவல்லது என்பதை விபுலாநந்தர் நன்கறிந்தவர். 1926இல் வெளிவந்த அவருடைய மதங்க சூளாமணி நாடகவியல் நூலேயாகும். ஆயின் அந்நூல் செகசிற்பியார் என அவர் அழகுறப் பெயரிட்ட ஆங்கில நாடகாசிரியரின் நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தையும் பொருளாகக் கொண்டது. காரைதீவிலும் பழுகாமத்திலும் இரவிரவாக ஆடப்பட்ட கூத்து அந்நூலின் பொருளன்று. 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய யாழ் நூலும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்தே தன் ஆராய்ச்சியைத் தொடங்குகின்றது. கண்ணகி கோயில்கள் நிறைந்த மண்ணிற் பிறந்தவர் கண்ணகியின் காப்பியத்தில் ஆழ்ந்தது இயல்பே. பள்ளியினுள் மட்டும் களரிக்கு இடம் கிடைக்கவில்லை. இதனை அவருடைய குறையெனக் கொள்வதினும் அவர் தலைமுறையின் பொதுவான நோக்கெனக் கொள்வதே பொருந்தும். கூத்தாடுதல் படிப்பைக் கெடுக்கும் என்னும் எண்ணம் படித்தோரிடையே வேரூன்றியிருந்த காலம் அது. இதனால் விளைந்தது ஒரு பிளவாகும். படித்த பிள்ளை களரியை விட்டு விலகினான். களரியில் நின்றவன் பள்ளியை விட்டு விலகினான். மண்டூரிற் பிறந்த புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை போன்ற சிலரே இரு உலகங்களிலும் கால் பதித்தவர்கள். பகவத்கீதையை வெண்பாவாக்கிய அவருடைய தமிழிற் படுவான்கரையின் பாரத மரபும் பள்ளித் தமிழும் இயல்பாகக் கலந்துள்ளன.

1945ஆம் ஆண்டு கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விபுலாநந்தர் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராக விளங்கி 1947 ஆடி மாதத்தில் மறைந்தார். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்தபோது இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் அவற்றோடு சென்றன. மிஷனிடம் மாணவர் இல்லங்கள் எஞ்சின. அரசு பொறுப்பேற்றதனாற் படுவான்கரைக்கு நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆசிரியரும் கட்டடங்களும் உயர்தர வகுப்புகளும் வாவியைக் கடந்து வந்தன. எழுபதுகளில் நடைமுறைக்கு வந்த மாவட்ட அடிப்படையிலான பல்கலைக்கழக அனுமதி யாழ்ப்பாணத்து மாணவர் பலரின் வாய்ப்பைப் பறித்ததெனினும், மட்டக்களப்பு மாணவர் சிலருக்கு வாயிலைத் திறந்துவிட்டது என்பதையும் மறுத்தற்கியலாது. ஆயின் சமய பாடம் வேறு பாடங்களைப்போலப் புள்ளி பெறும் பாடமாயிற்று. விபுலாநந்தரின் வாழ்க்கை ஆண்டுகளை மனனம் செய்து விடையெழுதி அதிவிசேட சித்தி பெறும் மாணவன், அண்ணாவியாரின் முன் ஒரு நாளேனும் நின்றறியான். ஒழுக்கத்தைப் பரீட்சிக்கத் தொடங்கியவுடன் பரீட்சிக்கப்படுவது நினைவாற்றலேயாகின்றது.

பின்னர் வந்த போர்க்காலத்தைப் பற்றிச் சுருங்கக் கூறினும் போதும். 2007ஆம் ஆண்டுவரை படுவான்கரையின் பெரும்பகுதி போரின் முன்னரங்காக இருந்தது. சோதனைச் சாவடிகளுக்கும் இடப்பெயர்வுகளுக்கும் இடையே பாடசாலைகள் நடைபெற்றன. வகுப்பறையிலிருந்து போர்க்களத்துக்குச் சென்ற, கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகள் பலர். உறவினர் எதிரெதிர் அணிகளில் நின்று மடிந்த அக்காலத்திற் பாரதக் கதை அவ்வூர்களில் எவ்வாறு கேட்கப்பட்டிருக்கும் என்பதை எந்தப் பாடத்திட்டமும் எடுத்துரைக்காது.

களரிக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையிலான பிளவு ஒருமுறை நிரப்பப்பட்டமை பேராதனையிலேயாம். அறுபதுகளிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரை வரவழைத்துப் பல்கலைக்கழக மாணவருக்குக் கூத்துப் பழக்கி, 1962இற் கர்ணன் போரையும் தொடர்ந்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றையும் மேடையேற்றினார். பட்டப்படிப்பு மாணவர்கள் பள்ளியில் அதிகம் படித்திராத ஒருவரின் முன் மாணாக்கராய் நின்றனர். கன்னனின் கதையைப் பாடநூலிற் படித்திருந்தவர்கள், அவனுடைய தாளக்கட்டினை உடலிற் சுமந்தபோதே அவன் இக்கட்டினை உணர்ந்தனர் எனலாம். அங்குப் பயின்றவர்களுள் சிலர் பின்னர் ஆசிரியர்களாகவும் பேராசிரியர்களாகவும் கிழக்குக்கு மீண்டு கூத்தினைப் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுசென்றனர். 1982இற் கல்லடியில் விபுலாநந்தர் பெயரால் நிறுவப்பட்ட இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. சிவானந்த வித்தியாலயத்தின் அயலிலேயே அது அமைந்திருத்தல் பொருத்தமானதே.

இன்னுமொன்று குறிப்பிடத்தக்கது. அவையிலே நீதி கேட்ட திரௌபதியின் பாத்திரத்தை மரபுவழிக் கூத்தில் ஆடவரே தாங்கினர். ஊரின் பெண்கள் களரியைச் சுற்றியிருந்து கேட்டனர். வீடும் வளவும் பெண்வழியே செல்லும் சமூகத்திற்கூட அவ்வினாவைத் தம் குரலில் எழுப்ப அவர்களுக்குக் களரியில் இடம் இருக்கவில்லை. காரைதீவுச் சாரதா வித்தியாலயம் போன்ற பெண்கள் பாடசாலைகள் முதலில் அவர்களுக்கு எழுத்தைக் கொடுத்தன. பழுகாமத்துப் பெண்பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்புவரை ஊரிலேயே பயில்கின்றனர். அண்மைக் காலத்திற் பல்கலைக்கழக, பாடசாலை அரங்குகளிற் பெண்களும் சதங்கை கட்டிக் கூத்தாடத் தொடங்கியுள்ளனர்.